சீமை அவல்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஆறு கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு, ஜாம் பாட்டில் மூன்று, காபித்தூள் வந்த சதுர பாட்டில் ஒன்று. குட்டையும் நெட்டையுமாக, பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் 40 கிராம் ஓட்ஸைப் போட்டு, பாலும் தயிரும் ஊற்றி, கலக்கி மூடி, ஃபிரிட்ஜின் இரண்டாவது தட்டில் அடுக்கிவிடுவேன். மூன்று பேருக்குத் திங்கள், செவ்வாய் காலைச் சாப்பாடு முடிந்தது. மொத்த வேலை பன்னிரண்டு நிமிடம்.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கப் பிடித்தது. நடுவில் பால் திரிந்தது, அன்னாசி கசந்தது, ஒரு நாள் காலை மகளும் நானும் வெறும் காபியோடு கிளம்பினோம். யூடியூபில் ஓவர்நைட் ஓட்ஸ் செய்து காட்டுகிற எல்லோர் வீட்டிலும் வெள்ளை வெளேரென்று ஒரு மேடை, ஒரே அளவில் பாட்டில்கள், மேலே தூவ நாலு நீலப் பழம். மதுரையில் நீலப் பழத்துக்கு நான் எங்கே போவேன்? அதனால் என் வீட்டுக் கதையை எழுதி வைக்கிறேன்.

போன பிப்ரவரியில் என் மனைவிக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. வங்கி வேலை, என்றைக்காவது வரும் என்று தெரிந்ததுதான். திங்கள் விடிகாலை பஸ் ஏறினால் சனிக்கிழமை ராத்திரிதான் வீடு. இங்கே மிச்சம் மூன்று பேர். நான், பத்தாம் வகுப்புக்குப் போக இருந்த மகள், 74 வயதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன அம்மா. மகளுக்கு ஏழு பத்துக்கு வேன். நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் எட்டு மணிக்கு மெஷின் ஓட வேண்டும். அம்மா அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அம்மா. ஆகவே அம்மா எழுந்திருப்பதற்குள் நான் போய் அடுப்படியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதம் இட்லி, தோசை என்று ஓட்டினேன். இட்லி ஊற்றுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, சட்னிதான் ஆளைத் தின்கிறது. அதே நேரத்தில் மதியத்துக்குச் சாதம் வடித்து டப்பாவில் கட்டவும் வேண்டும். இரண்டு அடுப்பில் நாலு வேலை. மூன்றாவது வாரம் தோசைக்குப் பக்கத்தில் இட்லிப்பொடியைப் பார்த்ததும் மகள் தட்டை நகர்த்திவிட்டாள். “வேண்டாம்ப்பா, நான் வேன்ல பிஸ்கட் சாப்டுக்கிறேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாள்.

அச்சகத்தில் பக்கத்து மெஷினில் இருக்கும் தம்பி ஜிம்முக்குப் போகிறவர். அவர்தான் வழி சொன்னார். “அண்ணே, அடுப்பே பத்த வைக்க வேணாம். ராத்திரி ஊத்தி வச்சிட்டுப் படுங்க, காலைல எடுத்துச் சாப்டுங்க.”

சரி என்று தெருமுனை மளிகைக்கடையில் இருந்த பாக்கெட்டை வாங்கி வந்தேன். சீக்கிரம் வேகும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. சீக்கிரம் வேகிறது நல்லதுதானே? காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் விழவில்லை. கரண்டியை விட்டு எடுத்தால் இழுத்துக்கொண்டு வந்தது. அச்சகத்தில் இருக்கிறவனுக்குப் பசையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மைதாவை இதே பதத்தில் காய்ச்சித்தான் இந்த ஊர்ச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறார்கள். மகள் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “ப்ராஜெக்ட் நோட்டுல படம் ஒட்டணும், இதுல கொஞ்சம் எடுத்துக்கவா?” என்று கேட்டாள்.

அடுத்த வாரம் சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று ஒரு டப்பா, முதல் பாக்கெட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேலே விலை. விலை அதிகமானால் சரக்கு நல்லதாக இருக்கும் என்று நினைப்பது எங்கள் குடும்பத்து வியாதி. ராத்திரி முழுக்க ஊறியும் அது காலையில் வெந்தயம் மாதிரி நறுக் நறுக்கென்றிருந்தது. அம்மாவுக்குப் பல்செட். சத்தம் போடாமல் பாட்டிலை மூடி என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா இரண்டு ஓட்ஸையும் முறத்தில் தனித்தனியாகக் கொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் கிளறி, ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்று பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “இது நொய்யி. அது பேப்பர் அவல். ரெண்டுக்கும் நடுவுல கெட்டி அவல்னு ஒண்ணு இருக்கணுமேடா? அதை வாங்கிட்டு வா.”

பத்து நாள் செல்போனில் படித்தும் எனக்குப் பிடிபடாத விஷயம். ஓட்ஸ் என்பது அவல். சீமை அவல். அந்தப் பெயரை அம்மா அன்றைக்கு வைத்தாள், வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர்.

உண்மையிலேயே அது அவல்தான். ஓட்ஸ் மணிக்கும் நெல்லைப் போல உமி உண்டு. உமியைக் கழற்றியதும் ஒரு சிக்கல் வருகிறது. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம், 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம். அந்தக் கொழுப்பைச் சிதைக்கிற நொதியும் அதே மணிக்குள்ளே இருக்கிறது. அப்படியே உடைத்து வைத்தால் காறல் வாடை அடித்துக் கசந்துபோகும். ஆகவே ஆலையிலேயே ஆவி காட்டி, சூட்டில் உலர்த்தி, நொதியை அடக்கிவிடுகிறார்கள். பிறகு மறுபடியும் ஆவியில் இளக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்குகிறார்கள். உருளைகளுக்கு நடுவே தாளை விட்டுப் பிழைக்கிறவன் நான். இது எனக்கு உடனே புரிந்தது. நெல்லை ஊற வைத்து, வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்தால் அவல். வழி வேறு, கதை ஒன்று. அதனால்தான் இரண்டையும் அடுப்பில் ஏற்றாமல் ஊற வைத்தே சாப்பிட முடிகிறது. பச்சையாகத் தின்கிறோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: ஆலையிலேயே சூடு பட்டுத்தான் அது பாக்கெட்டுக்குள் வருகிறது.

வகை மூன்றும் அப்படியே பொருந்தும். முழு மணியை அப்படியே நசுக்கினால் ரோல்டு ஓட்ஸ், அது கெட்டி அவல். மணியை முதலில் துண்டு போட்டு, மெல்லிசாக நசுக்கினால் உடனடி ஓட்ஸ், அது பேப்பர் அவல். பால் பட்டதும் கரைய ஆரம்பித்துவிடும். நசுக்காமல் வெறுமனே வெட்டினால் ஸ்டீல் கட், அது நொய். அதற்கு அடுப்புதான் சரி. பாக்கெட்டில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் கையில் கொட்டிப் பாருங்கள். ஒவ்வொரு துணுக்கும் முழு வட்டமாக, கோடு தெரிகிற மாதிரி இருந்தால் ராத்திரி ஊறலுக்கு அதுதான். தூளும் துணுக்குமாக இருந்தால் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் அளவு. ஒரு ஆளுக்கு 40 கிராம் ஓட்ஸ், அதாவது அரை கப். காய்ச்சி ஆற வைத்த பால் 120 மில்லி, புளிக்காத தயிர் நாலு மேசைக்கரண்டி, சியா விதை ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பாயசத்துக்கு உப்பு போடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சிட்டிகை ஏன் என்று சொல்ல வேண்டாம். அளவு கப் இல்லையென்றால் கண்ணளவு போதும். கலக்கி ஒரு நிமிடம் விட்டால் ஓட்ஸ் மூழ்கி, மேலே ஒரு விரற்கடைப் பால் நிற்க வேண்டும். காலையில் அந்தப் பால் காணாமல் போயிருக்கும். ரொம்ப இறுகியிருந்தால் இன்னும் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கலாம். தண்ணீராகப் போனதை இறுக்கத்தான் வழி இல்லை, ஆகவே ராத்திரி குறைத்தே ஊற்றுங்கள்.

சியா விதையில் ஒரு குழப்பம் இருக்கிறது. கேட்டால் சில கடைகளில் சப்ஜா விதையை நீட்டுகிறார்கள். இரண்டும் துளசிக் குடும்பம்தான், ஊறினால் இரண்டும் வழவழவென்று ஆகும், ஆனால் செடி வேறு வேறு. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலை விதை. நன்னாரி சர்பத்தில் மிதக்கிறதே, அது. கன்னங்கரேலென்று இருக்கும், சில நிமிடங்களில் உப்பிவிடும். சியா மெக்சிகோப் பக்கத்துச் செடி. சாம்பலும் வெள்ளையும் புள்ளியுமாக இருக்கும், மெதுவாக உப்பும், தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாட்டிலில் பால் மேலேயும் ஓட்ஸ் கீழேயுமாகப் பிரியாமல் ஒன்றாக நிற்பதற்கு அதுதான் காரணம். சப்ஜா போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் தவளை முட்டை மாதிரி தனித்தனியாக நிற்கும். மகள் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. எதுவும் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது, பாலை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழம் விஷயத்தில் ஒரே விதி: ராத்திரி போடாதே. வாழைப்பழம் கறுத்துப்போகும், திராட்சை தொளதொளத்துப்போகும். காலையில் நறுக்கிப் போட ஒரு நிமிடம் ஆகாது. சிறுமலைப் பழம் கிடைக்கிற நாளில் அது ஒன்று போதும். அதன் புளிப்பு கலந்த இனிப்புக்கு வேறு சர்க்கரை வேண்டாம். மே மாதத்தில் நத்தம் பக்கத்திலிருந்து வரும் மாம்பழம். மற்ற நாளில் கம்பம் பன்னீர் திராட்சையைக் கொட்டை எடுத்துப் பிளந்து போடுவது. அது மகள் பொறுப்பு, பாதி அவள் வாய்க்குள் போய்விடும். பேரீச்சம்பழம் மட்டும் விதிவிலக்கு. இரண்டைப் பொடியாக நறுக்கி ராத்திரியே போட்டால் காலையில் கரைந்து, பால் முழுக்க இளம் பழுப்பாக இனித்துக் கிடக்கும். பாதாமுக்குப் பதில் வறுத்துத் தோல் ஊதிய நிலக்கடலை. அது மொறுமொறுவென்று இருக்க வேண்டுமென்றால் அதுவும் காலையில்தான்.

அன்னாசிக் கதை இதுதான். ஒரு பழம் நறுக்கி மிச்சம் இருந்தது, மூன்று பாட்டிலிலும் ராத்திரியே போட்டுவிட்டேன். காலையில் பால் திரிதிரியாகி, வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. பால்காரரைத் திட்டிவிட்டேன், பாவம். வேக வைக்காத அன்னாசியில் புரோமலெய்ன் என்று ஒரு நொதி இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தை அறுத்துப் போடும், அறுபட்ட துண்டுகள் கசக்கும். பப்பாளியும் இதே வேலையைச் செய்யும். இறைச்சி மெத்தென்று வேகப் பப்பாளிக்காயைப் போடுவோமே, அதே சங்கதி. அன்னாசி வேண்டுமென்றால் வாணலியில் ஒரு கொதி விட்டு ஆற வைத்துப் போடலாம், சூட்டில் அந்த நொதி அடங்கிவிடும். நான் அதற்கெல்லாம் போகவில்லை. அடுப்பு வேண்டாம் என்றுதானே இதற்கு வந்தது?

இதைவிடப் பெரிய தவறு ஒன்றை மே மாதத்தில் செய்தேன். அதற்குக் காரணம் ஒரு பேச்சு. ஓவர்நைட் ஓட்ஸைப் பற்றி யாரிடம் சொன்னாலும், “அட, நம்ம பழைய சோறுதானே இது? வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கான்” என்பார்கள். எனக்கும் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையோடு ஒரு நாள் யோசித்தேன்: பழைய சோற்றை ஃபிரிட்ஜில் யாரும் வைப்பதில்லையே? மண்சட்டியில் ஊற்றி மேடையில் வைத்தால்தானே ருசி? அன்று ஃபிரிட்ஜில் இடமும் இல்லை, மாவுச் சட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று பாட்டிலையும் மேடையிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். மதுரையில் மே மாத ராத்திரி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? காலையில் ஒரு மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தது. வாடை கூடத்து வரைக்கும் போனது. அதுதான் காபியோடு கிளம்பிய நாள்.

அம்மா நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “பாலை வெளிய வச்சா கெட்டுப்போகும்னு பச்சப்புள்ளைக்குத் தெரியுமேடா. சோத்துல தண்ணி ஊத்துறது புளிக்கிறதுக்கு. இது ஊறுறதுக்கு. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றில்லைதான். பழைய சோற்றில் ராத்திரி முழுக்க ஒரு வேலை நடக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் வெந்த சோற்றில் பெருகி அமிலத்தை விடுகின்றன. அந்த இளம் புளிப்புதான் ருசி, அதுவே வேறு கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜில் இருக்கும் ஓட்ஸில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை, நடக்கவும் கூடாது. பால் ஓட்ஸுக்குள் போகிறது, ஓட்ஸ் இளகுகிறது, அவ்வளவுதான். ஊற வைத்தால் ஓட்ஸில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைந்து இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும் என்று சொல்கிறார்கள். அதைக் குறைக்கிற நொதி ஓட்ஸில் இயல்பிலேயே கம்மி, இருந்ததும் ஆலைச் சூட்டில் போயிருக்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ராத்திரி ஊறலுக்கு மந்திரமெல்லாம் இல்லை. காலையில் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், அதுதான் அதன் ஒரே வரம். எனக்கு அது போதும்.

பழைய சோற்றுக்கு ஓட்ஸில் உண்மையான உறவு தேட வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் ஓட்ஸை மாவாக்கியபின் மாவு ஒட்டியிருக்கும் உமியை எறியமாட்டார்கள். தண்ணீரில் போட்டுப் பல நாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, பிழிந்து வடிகட்டுவார்கள். மேலே தெளியும் புளித்த நீரைக் குடிப்பார்கள். அடியில் தங்கும் மாவில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். அதற்குப் பெயர் சோவன்ஸ். ஏழை வீட்டுச் சாப்பாடு. எதையும் வீணாக்க மனசில்லாதவர்கள் கண்டுபிடித்தது. மேலே தெளிந்த நீரைத் தனியாகக் குடிக்கத் தெரிந்தவர்கள் நீராகாரத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

நாம் பாட்டிலில் போடுகிற இந்தச் சமாச்சாரத்துக்கு மூதாதை வேறு ஊர்க்காரர். சுவிட்சர்லாந்தில் மாக்சிமிலியன் பிர்ஷர் பென்னர் என்று ஒரு டாக்டர். 1867இல் பிறந்தவர். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்காக இதைச் செய்தார். 1904இல் சூரிக் நகரத்து மலைச்சரிவில் பெரிய ஆரோக்கிய நிலையம் ஒன்றைத் திறந்து, பணக்கார நோயாளிகளை அதிகாலையில் எழுப்பி நடக்கவிட்டு, இதைச் சாப்பிடக் கொடுத்தார். ஆல்ப்ஸ் மலையில் ஏறப் போன இடத்தில் மாடு மேய்க்கிறவர் கொடுத்ததைப் பார்த்துப் பிடித்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய அளவைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டி! அதை மூன்று கரண்டித் தண்ணீரில் 12 மணி நேரம் ஊற வைத்து, ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி இனிப்புக் கெட்டிப்பால், நாம் மில்க்மெய்ட் என்கிறோமே அது, ஒரு கரண்டி பருப்புத் தூள், அப்புறம் ஒரு பெரிய ஆப்பிளைத் தோலோடும் நடுத்தண்டோடும் துருவிச் சேர்க்க வேண்டும். அங்கே ஆப்பிள்தான் சோறு, ஓட்ஸ் ஊறுகாய். அவர் அதைக் காலையில் மட்டும் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் கொடுத்தார். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் இல்லாத காலம், கறந்த பாலில் காசநோய்க் கிருமி பயம் இருந்த காலம். டின்னில் வந்த கெட்டிப்பால் பத்திரம். மே மாதம் என் மேடையில் நடந்தது அவர் நிலையத்தில் நடக்காமல் போனதற்கு அவர் பால் ஊற்றாததுதான் காரணம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 40 கிராம் ஓட்ஸில் சுமார் 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து. பால், தயிர், ஒரு பிடி கடலை எல்லாம் சேர்ந்தால் புரதம் 15 கிராம் பக்கம் வரும், மொத்தம் 400 கலோரிக்கு முன்னே பின்னே. ஓட்ஸைப் பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார். அந்த வழவழப்பு அதுதான். ஒரு நாளைக்கு 3 கிராம் அந்த நார் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு குறைய உதவும் என்பதை ஏற்று, 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் டப்பாவில் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று போட்டுக்கொள்ள அனுமதித்தது. நம் பாட்டிலில் இருப்பது ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், பாதிதான். ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு ராத்திரி பரோட்டாவைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வீடியோக்களில் தேன், பேரீச்சை, சாக்லேட், வாழைப்பழம் நான்கையும் ஒரே பாட்டிலில் போட்டுவிட்டு ஆரோக்கியம் என்கிறார்கள். அதற்குப் பேசாமல் பாயசம் வைத்துக் குடிக்கலாம், ருசியாவது இருக்கும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பாலும் பழமுமாக இருந்த பாட்டில் அவளுக்கு எப்படியும் ஒத்துவராது. ஒரு நாள், “எனக்கு உப்பு போட்டுக் குடு” என்றாள். பாலை வெறும் இரண்டு கரண்டியாக்கி, தயிரைக் கூட்டி, கொஞ்சம் தண்ணீரும் உப்பும் சேர்த்து வைத்தேன். காலையில் அம்மா உட்கார்ந்தபடியே துருவிய கேரட், பொடியாக நறுக்கிய இஞ்சி, ஒரு பச்சை மிளகாய் போட்டாள். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் நான் தாளித்துக் கொட்டினேன். அந்தத் தாளிப்புக் கரண்டி மட்டும் ஒரு நிமிடம் அடுப்பைப் பார்க்கும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். நான் ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் குழைந்த தயிர் சாதம். மூன்று பாட்டில்களில் அதுதான் உயர்ந்தது என்று இப்போது எனக்கு ஒரு முடிவு உண்டு. மகள் ஒத்துக்கொள்ளமாட்டாள். அவளுடைய கண்டுபிடிப்பு வேறு. பழனிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த பஞ்சாமிர்தத்தை ஒரு டீஸ்பூன் எடுத்துத் தன் பாட்டிலில் போட்டுக் கலக்கினாள். மலைவாழை, சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலக்காய் எல்லாம் ஒரே கரண்டியில் வந்து இறங்கிவிட்டது. சாமி பிரசாதத்தை இப்படிச் செய்யலாமா என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பேத்தியின் பாட்டிலை எட்டிப் பார்த்து, “முருகனுக்கு அவல் பிடிக்காதுன்னு எங்கயும் எழுதியிருக்கா?” என்றாள். தீர்ப்பு சொல்லியாயிற்று.

பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி என்றால் எதுவும் சரி, ஆனால் மூடி முக்கியம். முதலில் நான் எடுத்தது மாவடு ஊறுகாய் இருந்த பாட்டில். சோப்பு போட்டு, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வைத்து, முகர்ந்தும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க மூடியிருந்ததில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தன் பழைய நினைவையெல்லாம் பாலில் இறக்கிவிட்டது. ஏலக்காய் போட்ட ஓட்ஸில் பெருங்காய வாசனை. ஊறுகாய் இருந்த பாட்டில் ஊறுகாய்க்குத்தான். மற்றபடி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் சொகுசாக இருக்கும், மூன்றாம் நாளும் பரவாயில்லை, அதற்கு மேல் நான் வைப்பதில்லை. செவ்வாய் ராத்திரி அடுத்த ஆறு. வெள்ளிக்கிழமை தோசை, சட்னியோடு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாள் தெரிந்தால் அதற்கு மறுநாளுக்கான பாட்டிலை முன்கூட்டிப் போடமாட்டேன்.

ஞாயிறு எங்கள் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும். மனைவி வந்திருப்பாள், அடுப்படி அவள் கைக்குப் போகும், அம்மாவும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்வாள். சீமை அவல் பேச்சையே யாரும் எடுக்கமாட்டார்கள்.

ஆனால் ஜூலையிலிருந்து ஞாயிறு ராத்திரி மேடையில் ஏழாவதாக ஒரு பாட்டில் சேர்ந்துகொண்டது. மாட்டுத்தாவணியில் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு அந்த நேரத்தில் என்ன இறங்கும்? முன்பெல்லாம் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, அறையில் பையை வைத்துவிட்டு, நேரம் இருந்தால் சாப்பிடுவாள், இல்லையென்றால் இல்லை. இப்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் கரண்டியோடு கொடுத்துவிடுகிறேன். துவரங்குறிச்சி தாண்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது என் கட்டளை, மே மாதம் எனக்குச் சொல்லித் தந்தது. “முடிச்சிட்டேன்” என்று ஆறு மணிக்கு மேல் ஒரு செய்தி வரும்.

சனிக்கிழமை அந்தப் பாட்டில் திரும்பி வரும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள், புருஷன் வீட்டுக்கு வருகிற பாட்டிலிலும் அதை விடமாட்டாள். ஒரு வாரம் தட்டை, ஒரு வாரம் வறுத்த முந்திரி, ஒரு வாரம் அறையில் கூட இருக்கும் பெண் கொடுத்த மாங்காய்ப் பச்சடி. போன சனிக்கிழமை அவள் பையிலிருந்து எடுத்து வைத்ததும் மகள்தான் மூடியைத் திருகினாள். திறந்து ஒரு முகர்வு. திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாவடு. கழுத்து வரைக்கும் மாவடு, எண்ணெய் மினுங்க.

இனி வேறு பாட்டில் தேட வேண்டும்.